நீங்கள் வரைந்த வியூகம் உண்மையிலேயே வென்றதா?



விடியோ விளையாட்டு வீண்பொழுது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். பிறர் சொல்லிக்கொடுத்த பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பது வீண்பொழுதுதான். ஆனால் சில விளையாட்டுகளில் ஆட்டத்தின் திட்டத்தை நாமே வரைய இடமுண்டு. அங்கே விளையாட்டு ஓர் ஆய்வுக்கூடமாகிறது. ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கை நாம் அங்கே கடைப்பிடிக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். அணிக்கு 11 பேர். கோல் கோடுகளுக்கிடையே ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். அகலம் 53 கெஜத்துக்குச் சற்று அதிகம். பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் நின்று தொடங்குவதால், யார் எங்கே நிற்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடிகிறது. நிற்கும் ஒழுங்கை வியூகம் என்றும், ஓடும் ஒழுங்கை ஆட்டத்திட்டம் என்றும் சொல்லலாம்.

1988ஆம் ஆண்டு ஆப்பிள் கணிப்பொறிக்கு ஜான் மேடன் ஃபுட்பால் என்னும் விளையாட்டு வெளிவந்தது. அக்காலக் கணிப்பொறியின் திறன் குறைவு. ஆகவே ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று யோசனை எழுந்தது. பயிற்சியாளராகப் புகழ்பெற்ற மேடன் இதற்கு இணங்கவில்லை. அணிக்கு 11 பேர் இருந்தே ஆக வேண்டும் என்றார். ஆட்களைக் குறைத்தால் வியூகங்களின் கணக்கே மாறிவிடும் அல்லவா? பிறகு 1992இல் வந்த ஃப்ரண்ட் பேஜ் ஸ்போர்ட்ஸ் ஃபுட்பால் விளையாட்டில், ஆட்டத்திட்டத்தை ஆடுபவரே வரைந்துகொள்ளும் வசதி இருந்தது.

வரைவது எளிது, ஆனால் இயற்பியல் குறுக்கே நிற்கும். விரைவாக ஓடும் ஆட்டக்காரர் 40 கெஜத்தை ஏறக்குறைய 4.5 நொடியில் கடப்பார். அதாவது சராசரியாக நொடிக்கு 9 கெஜம். பந்தை எறிபவருக்கோ, எதிரணியினர் வந்து வீழ்த்துமுன் பெரும்பாலும் 3 நொடியளவே கிடைக்கும். அதற்குள் ஓடுபவர் 27 கெஜத்துக்கு மேல் போக முடியாது. வளைந்து நெளிந்து 50 கெஜம் ஓடும் அழகான பாதையை நீங்கள் வரைந்தால், அது முடியுமுன்பே எறிபவர் தரையில் கிடப்பார். இன்னொன்று: பந்து ஒன்றரை நொடி வானில் இருந்தால், அதற்குள் ஓடுபவர் 13 கெஜம் கடந்திருப்பார். எனவே அவர் நிற்கும் இடத்துக்கு எறியக் கூடாது, போய்ச் சேரும் இடத்துக்கு எறிய வேண்டும்.

நல்ல திட்டத்தில் எளிய கணக்கும் ஒளிந்திருக்கும். வலப்பக்கத்தை 2 பேர் காக்கிறார்கள் என்க. அங்கே 5, 12, 20 கெஜத் தொலைவுகளில் மூவரை ஓடவிடுங்கள். இருவர் மூவரைக் காக்க முடியாது. யாரேனும் ஒருவர் தனித்து நிற்பார். அவர் யார் என்று கண்டு எறிவதே மீதி வேலை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வரைந்த திட்டம் தொடர்ந்து மூன்று முறை வென்றுவிட்டது. "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று துள்ளுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். நூற்றுக்கு 30 முறை மட்டுமே வெல்லக்கூடிய சாதாரணத் திட்டம், தொடர்ந்து மூன்று முறை வெல்வதற்கான நிகழ்தகவு 0.3 × 0.3 × 0.3, அதாவது 0.027. மிகச் சிறிய எண்தான். ஆனால் அப்படிப்பட்ட 40 திட்டங்களை நீங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஆடிப் பார்த்தால்? அவற்றில் ஏறக்குறைய ஒன்று தற்செயலாகவே மூன்று முறையும் வென்றுவிடும். அதைத்தான் நீங்கள் அற்புதம் என்று எண்ணி ஏமாறுகிறீர்கள்.

உண்மையான ஆடுகளமும் இதையே சொல்கிறது. 1940 நவம்பர் 17 அன்று வாஷிங்டன் அணி சிகாகோ பேர்ஸ் அணியை 7–3 என்று வென்றது. மூன்றே வாரங்களில், டிசம்பர் 8 அன்று நடந்த இறுதிப் போட்டியில், அதே சிகாகோ அணி அதே வாஷிங்டன் அணியை 73–0 என்று நொறுக்கியது. சிகாகோ அணியின் வியூகம் டி வியூகம். முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர் அதைப் பயனற்றது என்பார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் வெல்லவே முடியாதது என்பார். இரண்டுமே அவசர முடிவுகள். ஆனால் சிகாகோ பயிற்சியாளர்கள் தோற்ற ஆட்டத்தின் படச்சுருளைப் பார்த்து, எதிரணி எப்படி நின்றது என்று ஆராய்ந்தார்கள். நாம் கற்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்தை 20 முறையாவது ஆடுங்கள். எத்தனை கெஜம் கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், தோல்விகளை விட்டுவிடாதீர்கள். திருத்தும்போது ஒரே ஒரு பாதையை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று எப்படித் தெரியும்? ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டையும் சேர்த்து மாற்றுவோமா?

மேலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். கணிப்பொறிக்குள் ஓடுபவர்கள் மனிதர்கள் அல்லர்; வேகத்துக்கு ஓர் எண், பந்து பிடிக்கும் திறமைக்கு ஓர் எண் என்று நிரல் எழுதியவர் கொடுத்த உருவங்கள். உராய்வில்லாத தளம் என்று நாம் கணக்கில் வைத்துக்கொள்வதைப் போல அதுவும் ஒரு மாதிரி. காப்பவர் ஒரே இடத்தில் ஒரே தவற்றை எப்போதும் செய்தால், நீங்கள் கண்டது நல்ல வியூகமாக இராது. நிரலின் ஓட்டையாக இருக்கலாம். இதைச் சோதிக்க வழியுண்டு. அதே திட்டத்தை ஒரு நண்பருக்கு எதிராக ஆடுங்கள். முதல் முறை ஏமாறுபவர், ஐந்தாம் முறை விழித்துக்கொள்வார். அதன் பிறகும் உங்கள் வியூகம் கெஜம் சேர்க்கிறதா?

சேர்த்தால், நோட்டுப் புத்தகத்தை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். வீண்பொழுது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.