மாத்திரைக்கு நூறு கேள்வி, பிரேக்குக்கு ஒண்ணு கூட இல்லையா?

1/ நான் டாக்டர், மெக்கானிக் இல்லை. ஆனாலும் இன்னிக்கு கார் சர்வீஸ் பத்தித்தான் த்ரெட். கொஞ்சம் கோபமா இருக்கும். முதல் கோபம் என் மேலதான்.

2/ போன மாசம் ஜவ்வாது மலையில மருத்துவ முகாம் முடிச்சு, ஜமுனாமரத்தூர்ல இருந்து போளூர் பக்கம் இறங்கிட்டு இருந்தேன். இறக்கம் பூரா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தது என் தப்பு. பாதி வழியில பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, மேட்டோரமா நிறுத்தினேன். பின் சீட்டில் ரெண்டு நர்ஸ் அக்கா இருந்தாங்க.

3/ மூணு வாரம் முன்னாடிதான் சர்வீஸ் விட்டது. பில்லை அன்னிக்கு ராத்திரிதான் படிச்சேன். இன்ஜின் ஃபிளஷ் இருக்கு, ஏசி கிருமிநீக்கம் இருக்கு, பாலிஷ் இருக்கு. பிரேக் ஆயில் இல்லை. வண்டி வாங்கி 4 வருஷத்துல ஒருமுறை கூட மாத்தலை. அவங்க சொல்லலை, நானும் கேட்கலை.

4/ சிரிஞ்சில் தண்ணி நிரப்பி, நுனியை விரலால அடைச்சு அழுத்துங்க. நகராது. காத்து இருந்தா உள்ளே போகும். பிரேக்கும் அப்படித்தான். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த அளவு 155 வரை இறங்கிடும். மலை இறக்கத்துல சூடேறி அது கொதிச்சா ஆவி. ஆவி அமுங்கும். பிரேக் பிடிக்காது.

5/ நான் எழுதற ஒவ்வொரு மாத்திரையையும் கூகுள்ல தேடிப் பார்க்கறீங்க. நல்லது! அதே நீங்க கார் சாவியை நீட்டி, "எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, பார்த்துப் பண்ணிடுங்க"ன்னு பெருமையா சொல்றீங்க. இது பணிவு இல்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கறது.

6/ "வெளியில சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்"னு பயமா? உதிரி பாகங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காம செஞ்சதுக்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியில சர்வீஸ் பண்ணாலே வாரண்டி ரத்துன்னு ஒட்டுமொத்தமா நிபந்தனை வைக்கக் கூடாதுன்னும் சொன்னது. பெரிய போர்டு நேர்மைக்கு அத்தாட்சி இல்லை. சின்ன ஷெட்டும் தானா யோக்கியம் ஆகிடாது.

7/ அப்போ எப்படித் தேர்ந்தெடுக்கறது? டேஷ்போர்டுல தூங்கற மேனுவலை எடுத்து, எதை எப்போ மாத்தணும்னு படிங்க. பிரேக் ஆயில் பெரும்பாலும் 2 வருஷம். வேலைக்கு முன்னாடியே எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. கழட்டின பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லுங்க. "ஏன் மாத்தணும்?"னு கேளுங்க. பொறுமையா காட்டி விளக்கறவர்தான் உங்க மெக்கானிக். எரிச்சல் பட்டா அடுத்த ஷெட்டுக்குப் போங்க.

8/ 1995-ல் சுப்ரீம் கோர்ட் டாக்டர்களையும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தது. எங்களில் பலர் முணுமுணுத்தோம். ஆனா கேள்வி கேட்கற நோயாளி எங்களைக் கவனமா இருக்க வெச்சார். அதே சட்டம் ஒர்க்‌ஷாப்புக்கும் உண்டு. ஏமாந்தா 1915-க்கு போன் பண்ணுங்க.

9/ இந்த ஞாயிறு பீமன் அருவிக்குக் குடும்பத்தோட கிளம்பறீங்களா? பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க? பதில் தெரியலைன்னா கார் வீட்டிலேயே நிக்கட்டும். பஸ்ல போங்க.