அந்த 30 யாருடைய 30?

போன கோடையில் எங்கள் மொடல் விமானக் கழகத்தின் மைதானத்தில் நடந்தது. பதினைந்து வயதுத் தம்பி ஒருவர் புது அக்ரோ விமானத்தோடு வந்தார். வட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய செட்டிங்ஸைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகத் தன் ரேடியோவில் தட்டியிருந்தார். விமானம் தரையை விட்டதும் துள்ளத் தொடங்கியது. ஸ்டிக்கைக் கொஞ்சம் அசைத்தாலே இறக்கை சாய்ந்தது. பத்து விநாடிதான். பிறகு பக்கத்துச் சோளக் காட்டுக்குள் போய் விழுந்தது.

கழகத்தில் இருந்த வயதான ஜேர்மன்காரர் ஒருவர் ரேடியோவை வாங்கித் திரையைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த 30 ஏன்?"

தம்பியிடம் பதில் இல்லை. "அவங்க அப்படித்தான் போட்டிருந்தாங்க" என்றார்.

அந்த 30 என்பது எக்ஸ்போ. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சுக்கான் மெதுவாக அசைய வேண்டும், ஓரத்துக்குப் போகும்போது முழுதாக அசைய வேண்டும். அதற்காகப் போடும் வளைவுதான் எக்ஸ்போ. ஃபியூட்டாபா ரேடியோவில் நடுப்பகுதியை மென்மையாக்க மைனஸ் எண் போட வேண்டும். ஸ்பெக்ட்ரமில் அதே வேலைக்குப் பிளஸ் எண். குறி மாறினால் நடுப்பகுதி மென்மையாகாது, இன்னும் கூர்மையாகும். எண்ணை அனுப்பியவரின் ரேடியோ ஒரு வகை, தம்பியின் ரேடியோ மற்ற வகை. எண் சரி, குறி பிழை.

இதைச் சொன்னால் எங்கள் பெடியள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "சம்பியன் போட்ட செட்டிங்ஸை விட நாங்க நல்லாப் போடப் போறோமா?" என்று கேட்கிறார்கள். இல்லை, போட மாட்டீர்கள். ஆனால் சம்பியன் அதைப் போட்டது தன் கைக்கு, தன் விமானத்துக்கு, தன் பற்றரி இருக்கும் இடத்துக்கு. மெஸ்ஸர்ஃபுளூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இறக்கை நிலத்தையும் மற்றது வானத்தையும் பார்க்கப் பக்கவாட்டில் பறப்பது அது. வால் சுக்கானை அழுத்திப் பிடித்ததும் சில விமானங்கள் வயிற்றுப் பக்கம் இழுக்கும், சில முதுகுப் பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்யத்தான் மிக்ஸர். பற்றரியை ஒரு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளினால் அந்த இழுப்பும் மாறும். அப்படியிருக்க, இன்னொருவரின் மிக்ஸர் எண் உங்கள் விமானத்துக்கு எப்படிப் பொருந்தும்?

துள்ளுவது சின்ன விஷயம். ஃபெயில்சேஃப் அதைவிடப் பெரிது. சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஸ்பெக்ட்ரமில் முதலாம் சானல் மோட்டார். ஃபியூட்டாபாவில் முதலாம் சானல் இறக்கைச் சுக்கான், மோட்டார் மூன்றாவது. இது தெரியாமல் எண்களைக் கொப்பி பண்ணினால், சிக்னல் போனபின்னும் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கலாம். இரண்டு கிலோ எடை, முன்னால் சுழலும் புரொப்பெல்லர், மைதான ஓரத்தில் நாயோடு நடந்து போகும் ஆட்கள். இதையும் வட்ஸ்அப் குழுவிடம் விட்டுவிடுவீர்களா?

எங்களில் பலர் எட்டு, ஒன்பது வயதிலேயே வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். தபாலில் கடிதம் வந்தால் அம்மா நீட்டுவார்: "இதில என்ன எழுதியிருக்கு?" விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது என்பதை எங்கள் வீடுகள் பட்டுத்தான் படித்தன. ரேடியோவில் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கையெழுத்து. விமானத்தில் ஒட்டியிருக்கும் பதிவு எண் உங்களுடையது, அல்லது உங்கள் அப்பாவுடையது. ஜேர்மனியில் காப்புறுதி இல்லாமல் மொடல் விமானம் பறக்கவிட முடியாது. ஏதும் நடந்தால் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், செட்டிங்ஸ் அனுப்பியவரின் வீட்டுக்கு வராது.

"எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லை" என்பது அடுத்த சாட்டு. கிராவுப்னர் என்றொரு கம்பனி 1930இல் ஸ்ருட்காட்டில் தொடங்கி, பிறகு கிர்ஷ்ஹைம் உன்டர் தெக் ஊரில் பல பத்தாண்டுகள் இயங்கியது. அவர்களின் ரேடியோக் கையேடுகள் தடித்தவை. ஒவ்வொரு மெனுவுக்கும் விளக்கம் இருக்கும். எங்கள் அப்பாமாருக்கு அந்த ஜேர்மன் பெரிய மதில். உங்களுக்கு அது பள்ளிக்கூட மொழி. எட்ஜ்டிஎக்ஸ் ஓடும் ரேடியோ வைத்திருந்தால் அதன் கொம்பானியன் மென்பொருள் இலவசம். விமானமே இல்லாமல் கணினித் திரையில் சுவிட்சைத் தட்டி, எந்தச் சானல் அசைகிறது என்று பார்க்கலாம்.

மற்றவர்களின் செட்டிங்ஸைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், ஏன் என்று கேளுங்கள், பிறகு மூடிவிட்டுக் காலி மெமரியில் தொடங்குங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். முதலில் சேர்வோக் கையை நேராக்குங்கள். அசைவு கூடிவிட்டால் உடனே ரேடியோவில் 50 சதவீதமாகக் குறைக்காதீர்கள். கம்பியைச் சேர்வோக் கையின் உள் ஓட்டைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் சேர்வோவின் பலமும் நுணுக்கமும் வீணாகாது. அடுத்தது திசை: ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது குவேர்றூடர் மேலே எழ வேண்டும். பிறகு மோட்டாரை அணைக்கும் சுவிட்ச். பிறகு ஃபெயில்சேஃப்: மோட்டாரைக் கொஞ்சம் சுற்றவிட்டு ரேடியோவை அணையுங்கள், மோட்டார் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எக்ஸ்போவும் மிக்ஸரும் கடைசியில்தான். அவற்றைப் பறந்து பறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தம்பி குளிர்காலம் முழுக்க இன்னொரு விமானம் ஒட்டினார். இந்த வசந்தத்தில் அதே ஜேர்மன்காரர் அவருடைய திரையை எட்டிப் பார்த்து, "இந்த 42 ஏன்?" என்று கேட்டார். "35இல் என் கை நடுங்குவது விமானத்தில் தெரிந்தது, 50இல் உருளல் மந்தமாக இருந்தது" என்றார் தம்பி. மனுசன் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

இன்றிரவு உங்கள் ரேடியோவை எடுங்கள். வரி வரியாகப் பாருங்கள். காரணம் சொல்ல முடியாத எண் எதுவோ, அதை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.