கல் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில், பெரிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் இரும்புக் கல்லை வைத்து இருக்கிறார்கள். எடை சுமார் 31 டன்! சாதாரணத் தரை அதைத் தாங்காது. ஆகவே, கட்டிடத்துக்கு அடியில் உள்ள பாறை வரை தூண் இறக்கி, அதன்மேல் நிறுத்தி இருக்கிறார்கள்.

அது வானத்தில் இருந்து விழுந்த விண்கல். சூரியக் குடும்பம் உருவான கதையை, விஞ்ஞானிகள் இத்தகைய கற்களில்தான் படிக்கிறார்கள். அந்தக் கதை சுமார் 450 கோடி ஆண்டு பழையது.

கல் விழுந்த இடம், பனி மூடிய கிரீன்லாந்து. அங்கு வாழும் இனுவிட் மக்களுக்கு அந்நாளில் இரும்பு கிடைப்பது அரிது. அங்கே விழுந்த விண்கற்களைத் தட்டித்தான் கத்தியும் ஈட்டி முனையும் செய்தார்கள்.

ராபர்ட் பியரி என்ற அமெரிக்கர் 1897-ம் ஆண்டில் இந்தக் கல்லைக் கப்பலில் ஏற்றினார். பிறகு அது 40 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று.

கல்லோடு 6 இனுவிட் மக்களும் வந்தார்கள். 4 பேர் நோய் கண்டு இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிசுக். அவருடைய மகன் மினிக், சிறு பையன். தந்தையை அடக்கம் செய்வதாக அவன் கண் முன்னே சடங்கு நடந்தது. எல்லாம் பொய்! எலும்புகள் பொருட்காட்சிசாலைக்குப் போய்விட்டன. பின்னால் உண்மை தெரிந்து, அவன் கேட்டான். கொடுக்கவில்லை. 1918-ல் மினிக் இறந்தார். நால்வரின் எலும்புகளும் ஊர் போய்ச் சேர்ந்தது 1993-ல்தான்!

"அப்போது வியாபாரிகளிடமே இரும்பு கிடைத்ததே! கல் போனதால் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். உங்கள் வீட்டு அம்மி சும்மா கிடக்கிறது என்பதற்காக, அதை அடுத்த வீட்டுக்காரர் எடுத்து விற்கலாமா?

இதற்கு வழி இருக்கிறது. அதே பொருட்காட்சிசாலையில் வில்லாமெட் என்ற இன்னொரு விண்கல்லும் உண்டு. அது ஓரிகன் மாநிலப் பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. 2000-ம் ஆண்டில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கல் அங்கேயே இருக்கும். ஆண்டுதோறும் அந்த மக்கள் வந்து சடங்கு செய்யலாம்.

அந்த மரியாதை கிரீன்லாந்து மக்களுக்கும் வேண்டும். கல்லின் வயதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அது வந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது. நியாயமும் வளர வேண்டும்.