தீனி போடுவது கருணை ஆகாது

கோயில்களில் குரங்குகளுக்குத் தீனி போடுவதைத் தடுக்கக் கூடாது என்று வாதிடுபவர்கள் இப்போது திருப்புட்குழியைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊர் அது. பறவையைத் தந்தையாக மதித்த மரபில் வந்தவர்கள், வாயில்லா ஜீவன் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி உருக்கமானது, வாதம் உளுத்துப்போனது.

ஜடாயு கையேந்தி நின்ற பறவை அல்ல, இராவணனை மறித்துப் போரிட்ட பறவை. இராமன் அதற்குத் தந்தது மரியாதை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு காட்டு விலங்கைப் பொட்டலத்துக்குப் பின்னால் ஓடவிடுவது அவ்வூர் விஜயராகவப் பெருமாள் சந்நிதிக்குச் செய்யும் அவமதிப்பு. திருக்கழுக்குன்றத்தையும் காட்டுகிறார்கள். அங்கே உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் உண்டது உண்மை. 1990களில் அவை வருவது நின்றதும் உண்மை. மஞ்சள்முகப் பாறு என்ற அந்த இனமே நாடு முழுவதும் அருகிவிட்டது. நாம் வைத்த சோறு அதைக் காப்பாற்றவில்லை.

அவர்களுடைய அடுத்த வாதம்: "தீனியை நிறுத்தினால் குரங்கு மூர்க்கமாகிறது, பையைப் பிடுங்குகிறது, கடிக்கிறது. ஆகவே நிறுத்துவது பயன் தராது." விலங்குப் பயிற்சியின் பாலபாடம் தெரியாத பேச்சு இது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வில் ஒருநாள் எலிக்கு உணவு தரும் கருவி தற்செயலாக அடைத்துக்கொண்டது. கிடைத்துவந்த உணவு நின்றபின் பழக்கம் எப்படித் தேய்கிறது என்பதை அவர் அப்போதுதான் முதன்முதலில் பதிவுசெய்தார். இப்படித் தேயும் பழக்கம் தொடக்கத்தில் வேகம் கூடுவதும் உண்டு என்பது பயிற்சியாளர்கள் நன்கறிந்தது. 1966இல் அஸ்ரின் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் புறாக்களுக்குப் பழகிய தானியத்தை நிறுத்தியபோது, அவை பக்கத்திலிருந்த புறாவைத் தாக்கின. சோளிங்கர் மலைப்படியில் பையைப் பறிக்கும் குரங்கு காட்டுவதும் இதே சீற்றம்தான். பழைய வழி பலிக்காமல் போகிறது என்பதற்கு அது அடையாளம். அதைத் தோல்வி என்று சொல்லி மறுபடி பழம் நீட்டுகிறவர், கடித்தால் கிடைக்கும் என்ற புதிய பாடத்தைக் கற்பிக்கிறார். கடிபடப்போவது அவரல்ல, அடுத்த நாள் படியேறும் குழந்தை.

"அடங்கிய குரங்கு சில நாளில் மறுபடி வந்துவிட்டதே" என்பார்கள். வரும். பாவ்லோவின் நாய்களிடமும் அடங்கிய பழக்கம் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைதூக்கியது. பழையது அழிந்துபோவதில்லை, அதன்மேல் புதிய கற்றல் படிகிறது. அதனால்தான் இடமோ ஆளோ மாறினால் பழையது எட்டிப்பார்க்கிறது. அப்போதும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் ஓய்கிறது.

மிக ஆபத்தானது அவர்கள் முன்வைக்கும் சமரசம்: "தினமும் வேண்டாம், சனிக்கிழமை மட்டும், மனசு கேட்காதபோது மட்டும்." இதைவிடக் கெடுதலான யோசனை இருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் உணவு பெற்ற விலங்கு, அது நின்றதும் விரைவில் விட்டுவிடுகிறது. எப்போதாவது பெற்ற விலங்குதான் நெடுங்காலம் விடாமல் முயல்கிறது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பெருநூல் முழுக்க இத்தகைய கிடைப்புமுறைகளைப் பற்றியதே. 2003இல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட லாட்டரிச் சீட்டு, கூலிக்காரரைப் பிடித்து வைத்திருந்ததும் இதே கணக்கில்தான்: என்றோ ஒருநாள் விழுந்த பரிசு, விழாத நூறு நாளையும் தாங்கவைத்தது. மனம் கேட்காமல் போடும் ஒரு வாழைப்பழம், ஊர் முழுக்கக் காத்த கட்டுப்பாட்டை வீணாக்கிவிடும்.

நிறுத்தினால் பட்டினியாம்! நாட்டுக்குரங்கு பழமும் இலையும் பூச்சியும் தின்று வாழத் தெரிந்த தென்னிந்திய விலங்கு. அதற்கு வேண்டியது ஆலும் அத்தியும் நாவலும் நிற்கும் காடு. முறுக்குப் பாக்கெட் அல்ல.

செய்ய வேண்டியது தெளிவு. ஒரே நாளில், எல்லோரும் சேர்ந்து, விதிவிலக்கின்றி நிறுத்துங்கள். பிரசாதக் கடையின் குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். முதல் சில வாரங்களின் சீற்றத்தை எதிர்பார்த்துக் கோயில் நிர்வாகம் ஆள் நிறுத்தட்டும். அந்த வாரங்களில் பக்தர்கள் கையில் தின்பண்டம் இல்லாமல் படியேறட்டும். பாதியில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தொடங்கவே தொடங்காதீர்கள். தொடங்கினால் முடியும்வரை உறுதியாக நில்லுங்கள்.