பெரிய டயர் யாருக்கு?

அபதானி மொழித் தரவு திரட்ட ஜிரோ பள்ளத்தாக்கிற்குச் செல்லும்போதெல்லாம் வாடகைப் பிக்கப் வண்டியே எங்களுக்குக் கதி. இம்முறை வந்த வண்டியில் 235/75 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு, இன்னும் அகலமான 31 அங்குலச் சேற்று டயர்களை மாட்டியிருந்தார்கள். பார்வைக்குக் கம்பீரம்தான். நனைந்த தார்ச்சாலை இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது வண்டி வழுக்கிச் சென்று, பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று முன்னே நின்றது. பின்னிருக்கையில் எழுபதைக் கடந்த எங்கள் தகவலாளி அமர்ந்திருந்தார்.

டயரின் எண்கோவை மொழியியல் மாணவருக்கு ஒரு விருந்து. அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தின் விழுக்காட்டில், உள்விட்டமோ அங்குலத்தில்! கணக்கிட்டால் பழைய டயரின் விட்டம் சுமார் 734 மி.மீ., புதியது 787. ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல். முன்பு சரியாக இருந்த வேகமானி இப்போது 60 காட்டினால், வண்டி 64-இல் ஓடுகிறது என்று பொருள். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும்.

சேற்று டயரின் அகன்ற இடைவெளிகள் ஆழ்ந்த சேற்றை உதறித் தள்ளுவதற்கானவை. அவற்றாலேயே தாரைத் தொடும் ரப்பர் குறைகிறது. மலைச்சாலையில் சரிந்து கிடக்கும் சேற்றின் கீழே பெரும்பாலும் கெட்டித்தரை உண்டு. சேற்றைக் கிழித்து அதை எட்டக் குறுகிய டயரே மேல். ஆழ்மணலில் ஓட்டுவோருக்கு அகலம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி தாரில் ஓடும் வண்டிக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே 'ஆல் டெரெய்ன்' டயர் போதும் என்பது என் துணிபு.

இந்த டயரைத் தேர்ந்தவர் உரிமையாளர். அதனோடு மல்லுக்கட்டுபவர் ஓட்டுநர். அடுத்த பயணத்திற்கு வண்டி பேசும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன் டயர் அளவைக் கேட்கப்போகிறேன்.