ஒரு கம்பிக்கு ஆயிரம் ரூபாயா?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று 'கரகர' என்று சத்தம் வரும். கம்பியைச் சற்று வளைத்துப் பிடித்தால் சரியாகும். கையை எடுத்தால் மறுபடியும் போய்விடும். அப்புறம் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் பாடும். ஒரு நாள் அதுவும் நின்றுவிடும்.

உடனே என்ன செய்கிறார்கள்? கம்பியைக் குப்பையில் போடுகிறார்கள்! கடைக்கு ஓடுகிறார்கள்.

கடையில் 'தங்க முலாம்' என்கிறார்கள். 'பிராணவாயு நீக்கிய செம்பு' என்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று விலை சொல்கிறார்கள். குடும்பத் தலைவரும் நம்பிக் கொடுத்துவிடுகிறார்.

இது வீண் செலவு.

தங்கம் கறுக்காது. அது உண்மைதான். உப்புக் காற்று வீசும் ஊரில் அதனால் கொஞ்சம் பயனும் உண்டு. ஆனால் தங்கம் பூசியதால் பாட்டு இனித்துவிடுமா? ஒரு மீட்டர் செம்புக் கம்பியில் மின்சாரத்துக்கு உள்ள தடை, ஓர் ஓம் கூட இல்லை. ஆம்பிளிபயரின் வாசலில் உள்ள தடையோ பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம், அல்லது அதற்கும் மேல்! மலைக்குப் பக்கத்தில் கடுகு கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன?

கவசம் உள்ள கம்பி

கேபிளில் கவனிக்க வேண்டியது வேறு. உள்ளே செல்லும் கம்பிகளைச் சுற்றிச் செம்பு இழைகளால் ஒரு வலை இருக்க வேண்டும். அதுதான் கவசம். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது. கவசம் இல்லாவிட்டால் அதன் 'உம்ம்' என்ற இரைச்சல் பாட்டில் புகுந்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் இந்தக் கம்பி மீட்டர் கணக்கில் கிடைக்கும். பின்னும் தனியாகக் கிடைக்கும்.

3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று பகுதிகள். நுனி, இடது ஸ்பீக்கருக்கு. நடு வளையம், வலது ஸ்பீக்கருக்கு. அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. கவச வலையை அங்கேதான் சேர்க்க வேண்டும். இதற்கு மூத்தது கால் அங்குலப் பின். அது 19-ம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களுக்காகப் பிறந்தது!

இனி ஈயம் வைக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஈயத்தை உருக்கிச் சொட்டவிடக் கூடாது. கம்பியும் பின்னும் சேரும் இடத்தைச் சூடாக்கி, அங்கே ஈயத்தைத் தொட வேண்டும். தானாக உருகிப் பரவும். ஆறும் வரை ஆட்டக் கூடாது.

ஒன்று முக்கியம். பின்னின் மூடியை முதலிலேயே கம்பியில் கோத்துவிட வேண்டும். எல்லாரும் இதை மறப்பார்கள்! அழகாகப் பற்றவைத்து முடித்த பிறகு, மூடி மேஜைமேல் கிடந்து சிரிக்கும். பிரித்து மறுபடியும் செய்ய வேண்டியதுதான்.

யார் செய்வது?

மலிவு விலையில் கேபிள் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு கேபிள் போதுமென்றால் மலிவானதையே வாங்கலாம். ஆனால் கூடத்தின் மூலை வரை எட்ட வேண்டிய கம்பி, வேண்டிய அளவில் கடையில் கிடைக்காது. மேலும், பழைய கம்பி பெரும்பாலும் பின்னின் கழுத்தில்தான் அறுந்திருக்கும். மற்ற நீளமெல்லாம் நன்றாகவே இருக்கும். அதை எறிவது சரியா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்யலாம். பையன் மட்டும் அல்ல, பெண்ணும்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அயர்ன் நுனி 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஈயம் நஞ்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சுவரில் சொருகும் மின்சாரக் கம்பியை மட்டும் இப்படித் தொடவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து!

முடித்ததும் மல்டிமீட்டரில் சோதிக்க வேண்டும். நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், அடிக்கு அடி 'பீப்' கேட்க வேண்டும். நுனிக்கும் அடிக்கும் இடையே கேட்டால், வலையின் இழை ஒன்று எங்கோ ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

சொருகும்போது ஒலியைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'டப்' என்று வெடிக்கும் சத்தத்தில், தூளியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும்!