வாக்கை எண்ணக்கூடாதா?

ஆசிரியருக்கு,

சட்டம் இயற்றும் முறை பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். மூன்று வாசிப்பு, இரண்டு அவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆனால் நடைமுறை வேறு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவை நடவடிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வேளாண் மசோதாக்கள். தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கள், வாக்கை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். கத்திரிக்காய் வாங்கும்போதுகூட நாம் தராசு முள்ளைப் பார்க்கிறோமே! மசோதாக்கள் சட்டமான பிறகு, அவற்றை எதிர்த்து ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அச்சட்டங்களை ரத்து செய்யும் மசோதா, ஒரே நாளில், இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

நல்லதும் உண்டு. 1993 முதல் இயங்கும் துறைசார் நிலைக்குழுக்களில் கேமரா இல்லை, கொறடா உத்தரவும் இல்லை, எம்.பி.க்கள் மசோதாக்களை நிதானமாக வரிவரியாகப் படிக்கிறார்கள். அவர்கள் பரிந்துரையை அரசு ஏற்றாக வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். அமைச்சராக இல்லாத உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா அப்படிக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியபோது பெருமையாக இருந்தது. ஆனால் மக்களவையைத் தாண்டவில்லை. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை.

எந்த மசோதாவையும் குழுவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று அவை விதியைத் திருத்த வேண்டும். நம் தொகுதி எம்.பி.க்களிடம் இதைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்